ஏட்டுக்கட்டு முதல் கோப்புப்பொதி வரை

நுழையும்முன்

நூலின் பக்கங்கள் ஒரு கணினியில் உருவாகி, வேறோர் இடத்தில் அச்சேறுகின்றன. இடைப்பட்ட சிறு பயணத்தில் படங்கள் காணாமற்போவதும் எழுத்துகள் உருமாறுவதும் ஏன் நிகழ்கின்றன? அவற்றை எவ்வாறு கண்டறிந்து நீக்கலாம்? பக்க வடிவமைப்பு மென்பொருளில் கோப்புகளைப் பொதியாக்கும்போது நேரும் பிழைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆற்றைக் கடந்த கட்டு

திருவாய்மொழிக்கு நஞ்சீயர் எழுதிய உரை ஒன்பதினாயிரப்படி எனப்படும். அவ்வுரையை நல்ல கையெழுத்தில் படியெடுத்துத் தருமாறு நம்பூர் வரதராசரிடம் அவர் ஒப்படைத்தார். ஓலைக்கட்டை எடுத்துக்கொண்டு வரதராசர் திருவரங்கத்திலிருந்து தம் ஊருக்குப் புறப்பட்டார். வழியில் காவிரியில் நீர் பெருகியது. கட்டைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு நீந்தினார். வெள்ளம் கட்டை அடித்துச் சென்றுவிட்டது. ஆசிரியரிடம் கேட்டறிந்த பொருள் முழுவதும் நெஞ்சில் இருந்தமையால், அவர் அவ்வுரையை மீண்டும் எழுதி முடித்தார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. நம்பிள்ளை எனப் பின்னர்ப் புகழ்பெற்றவர் இவரே.

நூலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வதில் உள்ள இடரை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அங்கே இழப்பை ஈடுசெய்ய ஒரு மனிதரின் நினைவாற்றல் இருந்தது. திருவரங்கத்து டி.டி.பி. நிலையத்தில் வடிவமைத்த மலர் ஒன்று, காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிராப்பள்ளி அச்சகத்திற்கு இன்று பென்டிரைவில் செல்கிறது. அங்குள்ள கணினிக்கு அம்மலரைப் பற்றிய நினைவு எதுவும் இல்லை. கொண்டு வந்தது மட்டுமே அதற்குத் தெரியும்.

ஈயத்தால் ஆன பக்கம்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில் இத்தகைய சிக்கல் எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவரங்கத்தில் புகழுடன் விளங்கிய ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம், 1910ஆம் ஆண்டையொட்டி ஆதிசங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. அத்தகைய பெரும்பணியிலும் ஒரு பக்கம் என்பது கண்ணால் காணக்கூடிய, கையால் தூக்கக்கூடிய பொருளாகவே இருந்தது. எழுத்து, இடைவெளிக் கட்டை, கோடு, படத்துக்கான பிளாக்கு ஆகிய அனைத்தும் ஓர் இரும்புச் சட்டத்துள் அடங்கி, ஆப்புகளால் இறுக்கப்பட்டிருக்கும். இதனை அச்சுத் தொழிலாளர் ‘ஃபாரம்’ என்பர்.

ஃபாரத்தை அச்சுப்பொறிக்குத் தூக்கிச் செல்லும்முன், அதன் ஓர் ஓரத்தைச் சற்றே உயர்த்தி, விரல்களால் மெல்ல அழுத்திப் பார்ப்பது வழக்கம். ஏதேனும் ஓர் எழுத்து அசைந்தால், எங்கோ இறுக்கம் போதவில்லை என்பது பொருள். தூக்கும்போது அது உதிர்ந்துவிடும். இன்றைய மென்பொருளில் ‘பிரீஃபிளைட்’ எனப்படும் முன்சோதனை செய்வது இதனையே. வானூர்தி புறப்படும்முன் ஓட்டுநர் செய்யும் சோதனையிலிருந்து அப்பெயர் வந்தது.

முகவரிகளின் தொகுப்பு

1985இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளை வெளியிட்டது. பின்னர் அது அடோபி நிறுவனத்தின் வசமாயிற்று. 1999இல் அடோபியின் இன்டிசைன் வந்தது. தமிழ்நாட்டின் டி.டி.பி. நிலையங்களில் நெடுங்காலம் பேஜ்மேக்கரே கோலோச்சியது.

இம்மென்பொருள்களின் திரையில் தோன்றும் பக்கம் ஈயத்தால் ஆன பக்கத்தைப் போன்ற ஒரே பொருளன்று. சொற்கள் வடிவமைப்புக் கோப்பினுள் இருக்கும். ஆனால், அச்சொற்களுக்கு உருவம் தரும் எழுத்துரு, கணினியின் வேறொரு கோப்புறையில் இருக்கும். பக்கத்தில் இடம்பெறும் படமும் பொதுவாகக் கோப்பினுள் இருப்பதில்லை. அதன் மங்கலான முன்னோட்டமும், மூலப்படம் எந்த வட்டில், எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் உள்ளது என்னும் முகவரியுமே கோப்பில் பதிவாகும். முகவரியில் சென்று தேடிப் படத்தை எடுத்துவருவது அச்சிடும்போது நடைபெறும் வேலை. இந்த ஏற்பாட்டினால் கோப்பு சிறிதாக இருக்கும். படத்தைத் திருத்தினால் பக்கத்திலும் திருத்தம் வந்துவிடும். கோப்பு இடம் மாறும்போதுதான் இதற்கான விலையைக் கொடுக்க நேர்கிறது. முகவரியை மட்டும் சுமந்துகொண்டு வேற்றூர் சென்றவருக்கு அங்கே அந்தத் தெரு இருப்பதில்லை.

ஆகவே, வடிவமைப்புக் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள் மூன்றையும் ஒரே கோப்புறையில் படியெடுத்து வைக்க வேண்டும். பேஜ்மேக்கரில், கோப்பைச் சேமிக்கும்போதே இணைப்புகளையும் உடன் படியெடுக்கும் தெரிவு இருந்தது. இன்டிசைனில் ‘பேக்கேஜ்’ என்னும் கட்டளை இதனைச் செய்கிறது. கோப்பின் படி ஒன்று, ‘லிங்க்ஸ்’ என்னும் கோப்புறையில் படங்கள், ‘டாக்குமென்ட் ஃபான்ட்ஸ்’ என்னும் கோப்புறையில் எழுத்துருக்கள், எவை எவை சேர்ந்தன என்னும் அறிக்கை ஆகியன அடங்கிய பொதி உருவாகிறது.

தெரியுமா?

திருவாய்மொழி உரைகள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என அளவாலேயே பெயர்பெற்றன. இங்குப் ‘படி’ என்பது முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்ட ஓர் அளவு. இவ்வளவு தெரிந்திருந்தால், படியெடுத்த ஏட்டில் பெரும்பகுதி விடுபட்டிருப்பதை எண்ணிக் கண்டறிய முடியும். பொதியின் அறிக்கையில் காணும் படங்களின் எண்ணிக்கையும் எழுத்துருக்களின் எண்ணிக்கையும் இதே வகையில் பயன்படுவன.

முகவரி பிழைத்த படங்கள்

பள்ளி ஆண்டு மலர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதில் 64 பக்கங்கள். விளையாட்டு விழாப் படங்கள் ஒருவரின் கைப்பேசியிலிருந்தும், தலைமையாசிரியரின் படம் ஒரு பென்டிரைவிலிருந்தும், ஓவியங்கள் வருடியிலிருந்தும் வந்துள்ளன. வடிவமைப்பவர் பென்டிரைவைக் கழற்றாமலேயே அதிலிருந்த படத்தைப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறார். மாலையில் பென்டிரைவ் உரியவரிடம் திரும்புகிறது. திரையில் படத்தின் முன்னோட்டம் தெரிந்துகொண்டே இருப்பதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. பொதியாக்கும்போதுதான் இணைப்பு காணப்படவில்லை என்னும் செய்தி வருகிறது.

இணைப்புப் பட்டியலில் சிவப்புக் குறியினுள் வினாக்குறி இருந்தால் படம் அம்முகவரியில் இல்லை என்று பொருள். மஞ்சள் முக்கோணம் இருந்தால், படம் உள்ளது, ஆனால் சேர்த்த பின்னர் மாற்றப்பட்டுள்ளது என்று பொருள். முன்னதற்கு மூலப்படத்தைத் தேடி எடுத்து மீண்டும் இணைக்க வேண்டும். பின்னதற்குப் புதுப்பித்தால் போதும். ஆனால், புதுப்பித்த பின்னர் அப்பக்கத்தை ஒருமுறை பார்ப்பது இன்றியமையாதது. மாற்றப்பட்ட படத்தின் அளவு வேறாக இருந்தால், தலைமையாசிரியரின் முகம் பாதியாக வெட்டுப்பட்டிருக்கக்கூடும்.

இவற்றைவிடக் குழப்பமானது வேறொன்று. பொதியாக்கும் சாளரத்தில், படங்களின் முகவரிகளைப் புதிய பொதிக்கு ஏற்ப மாற்றுக என்னும் ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிடவில்லையெனில், படங்கள் அனைத்தும் பொதியில் சேர்ந்திருந்தும், கோப்பு பழைய முகவரிகளையே நாடும். உருவாக்கிய கணினியில் அந்தப் பழைய முகவரிகள் இன்னும் இருப்பதால் அங்கே பொதி குறையின்றித் திறக்கும். அச்சகத்தில் திறக்கும்போது படங்கள் ஒன்றும் இரா. ‘எங்களிடம் சரியாகத்தானே இருந்தது’ என்னும் வாதம் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. இரு தரப்பினரும் உண்மையே கூறுகின்றனர்.

படியெடுத்தலே இடையில் நின்றுவிடுவதும் உண்டு. தேவையான கோப்பைப் படியெடுக்க இயலவில்லை என மென்பொருள் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் முழுமுகவரி 260 குறிகளுக்கு மிகக்கூடாது என்பது நெடுங்கால வரம்பு. கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழ்ந்து செல்லும் பழக்கம் உடையோர் இவ்வரம்பை எளிதில் மீறிவிடுவர். தமிழ்ப் பெயர்களில் இது இன்னும் விரைவில் நேரும். ‘திருவரங்கம்’ என்பது கண்ணுக்கு ஏழு எழுத்து. ஒருங்குறியிலோ உயிர்மெய்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது பதினொன்று. பெயர்களில் சாய்கோடு, முக்காற்புள்ளி, வினாக்குறி முதலியவற்றையும் விண்டோஸ் ஏற்பதில்லை. வேறு இயங்குதளத்தில் பெயரிடப்பட்டு வந்த படங்களில் இவை ஒளிந்திருக்கும். பெயரைச் சுருக்கி, கோப்புறையை வட்டின் முதல்நிலைக்கு நகர்த்தி, மீண்டும் இணைத்துப் பொதியாக்கினால் இத்தடை பெரும்பாலும் நீங்கும்.

பென்டிரைவிலேயே நேரடியாகப் பொதியாக்குவதும் நல்ல வழக்கமன்று. முதலில் கணினியின் வட்டில் பொதியாக்கிப் பின்னர் முழுக்கோப்புறையையும் படியெடுக்க வேண்டும். பழைய முறையில் வடிவூட்டப்பட்ட பென்டிரைவுகள் நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்கமாட்டா. பொதி முழுவதையும் ஒரே சுருக்கக் கோப்பாக்குவோர் இதனை நினைவில் கொள்ளல் நலம்.

எழுத்துரு மாறினால் மொழியே மாறும்

ஆங்கிலப் பக்கத்தில் எழுத்துரு காணாமற்போனால் அழகு கெடும், வரிகள் நகரும், சொற்கள் பொதுவாக வாசிக்கக்கூடியனவாகவே இருக்கும். தமிழில் நிலைமை வேறு. கணினியில் தமிழ் நுழைந்த காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவங்களை வரைந்து வைத்து எழுத்துருக்களை உருவாக்கினர். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டெழுதியதை, அவ்வெழுத்துரு இல்லாத கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் காட்டும். கோப்பில் உண்மையில் பதிவாகியிருப்பவை அவைதாம். தமிழ் என்பது எழுத்துருவில் மட்டுமே இருந்தது.

ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி இடங்களை ஒதுக்கியதால், ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் மற்றொன்றில் வேறெழுத்து இருந்தது. இக்குழப்பத்தை நீக்க, சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியும், அதற்கு இயலாத இடங்களில் டேஸ்16 என்னும் குறியீடும் அரசின் தரங்களாயின. ஆயினும், அச்சுத்துறையில் பழைய எழுத்துருக்கள் உடனே மறையவில்லை. கையில் இருந்த மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கோக்க அறியாதவை என்பதே முதன்மைக் காரணம். ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு பின்னுமாகப் பதிவாகிறது. காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். இதனைச் செய்யும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்னும் அமைப்பு, இந்திய மொழிகளுக்கு ஏற்றவாறு இன்டிசைனில் முறையாகக் கிடைத்தது 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான். இன்றும், அவ்வமைப்பைத் தேர்ந்தெடுக்காத பத்தியில் கொம்பு தனியே பின்தங்கி நிற்கும். அச்சகத்தில் இதனைக் காண்போர் எழுத்துரு பழுது எனக் கருதி அதனை மாற்றிப் பார்ப்பர். எத்தனை முறை மாற்றினாலும் பயனிராது. மாற்ற வேண்டியது பத்தியின் அமைப்பையே.

எழுத்துருப் பிழைகளில் மூன்று தனியே கருதத்தக்கன. முதலாவது, எழுத்துரு பொதியில் சேராமை. எழுத்துருவும் உரிமத்துக்கு உட்பட்ட படைப்பே. இணையவழிச் சந்தாவில் பெறும் எழுத்துருக்களைப் பொதியில் படியெடுக்க மென்பொருள் இடந்தருவதில்லை. அச்சகமும் அவ்வெழுத்துருவை உரிய வழியில் பெற்றிருக்க வேண்டும். வடிவமைப்பு தொடங்கும்போதே அச்சகத்தைக் கேட்டு எழுத்துருவை முடிவு செய்வதே அறிவுடைமை. 64 பக்கங்களையும் முடித்துவிட்டுக் கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது, எங்கும் காணப்படாத எழுத்துருவைக் குறித்த எச்சரிக்கை. பட்டியலில் ஓர் எழுத்துரு இல்லை என வரும். பக்கங்களைப் புரட்டினால் அது எங்கும் இராது. வெற்றுப் பத்தி ஒன்றிலோ, இரு சொற்களுக்கு இடைப்பட்ட ஒரே ஓர் இடைவெளியிலோ, பெட்டிக்குள் அடங்காமல் மறைந்து நிற்கும் உரையிலோ, தலைமைப் பக்கத்திலோ அது ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துருவைத் தேடும் கட்டளை அவ்விடத்திற்கே அழைத்துச் செல்லும். அங்கு வேறு எழுத்துருவை இட்டால் எச்சரிக்கை மறையும். மறைந்து நிற்கும் உரையாயின், அது வேண்டாத உரையா, அச்சிலிருந்து விடுபடவிருந்த உரையா என்பதையும் பார்க்க வேண்டும். மாணவி ஒருவரின் கவிதையின் கடைசி நான்கு வரிகள் அதற்குள் இருக்கக்கூடும்.

மூன்றாவதே மிகவும் கொடியது: எச்சரிக்கையே இல்லாத பிழை. ஒரே பெயர் கொண்ட எழுத்துருவின் வேறொரு பதிப்பு அச்சகக் கணினியில் முன்பே இருக்கலாம். பெயர் பொருந்துவதால் மென்பொருள் ஐயுறுவதில்லை. பெரும்பாலான எழுத்துகள் சரியாகவே தோன்றும். மிகுதியாகப் பயன்படாத ‘ஞூ’, ‘ஸ்ரீ’, கிரந்த எழுத்துகள், தமிழ் எண்கள் முதலிய சில இடங்களில் மட்டும் வேறு உருவம் நிற்கும். அட்டவணைகளும் சுருக்கக்குறிகளும் நிறைந்த பஞ்சாங்கத்தில், அல்லது மணிப்பிரவாள உரைநூலில், இத்தகைய ஒரு மாற்றம் பொருளையே திரிக்கும். அதனைக் கண்டறிய மெய்ப்புத் திருத்துபவர் ஒருவரைத் தவிர வேறு காவல் இல்லை. நின்றுபோய்க் கூச்சலிடும் மென்பொருளைப் பலர் வெறுப்பர். உண்மையில், தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரப்பிவிடும் மென்பொருளுக்கே அஞ்ச வேண்டும்.

பொதியிலுள்ள எழுத்துருக் கோப்புறை, வடிவமைப்புக் கோப்பின் அருகிலேயே இருந்தால், கோப்பைத் திறந்தவுடன் அவ்வெழுத்துருக்கள் அக்கோப்புக்கு மட்டும் தாமே இயங்கத் தொடங்கும். பொதியிலிருந்து வடிவமைப்புக் கோப்பை மட்டும் உருவி எடுத்துத் திரையின் முகப்பில் வைத்துத் திறந்தால் இவ்வசதி கிட்டாது. பொதியைக் குலைக்காமல் திறப்பது அச்சகத்தின் கடமை.

கோப்பே பழுதுபட்டால்

படங்களும் எழுத்துருக்களும் குறையின்றி இருந்தும் பொதியாக்கம் முடிவுறாமல் மென்பொருள் மூடிக்கொள்வதுண்டு. பலமுறை திருத்திச் சேமித்த கோப்பினுள் எங்கோ சிதைவு நேர்ந்திருக்கலாம். முதலில் கோப்பைப் புதிய பெயரில் சேமித்துப் பார்க்கலாம். அதுவும் உதவாவிடின், ஐ.டி.எம்.எல். என்னும் இடைநிலை வடிவில் ஏற்றுமதி செய்து, அதனைத் திறந்து புதுக்கோப்பாகச் சேமிக்க வேண்டும். பக்கத்தின் அமைப்பு முழுவதும் புதிதாக எழுதப்படுவதால் பல சிதைவுகள் உதிர்ந்துவிடும்.

அதற்கும் அடங்காத பிழையை எங்கே தேடுவது? 64 பக்கங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வது நாளை விழுங்கும். கோப்பின் படியில் முதல் 32 பக்கங்களை மட்டும் வைத்துப் பொதியாக்கிப் பார்க்க வேண்டும். பிழை வந்தால் அது அப்பாதியில் உள்ளது, வராவிடின் மறுபாதியில். அந்தப் பாதியை மீண்டும் இரண்டாக்கினால் 16, பின்னர் 8, 4, 2, 1. ஆறே சோதனைகளில் பிழையுள்ள பக்கம் அகப்படும். கணக்குப் பாடத்தில் மடக்கை பயின்றோர், இரண்டை அடிமானமாகக் கொண்ட 64இன் மடக்கை ஆறு என்பதை இங்குக் காணலாம். பிழைகள் இரண்டு வெவ்வேறு பக்கங்களில் இருந்தால், இரு பாதிகளையுமே தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கும்.

பொதியும் பி.டி.எஃப். கோப்பும்

இவ்வளவு இடர் எதற்கு, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிடலாமே என்று தோன்றக்கூடும். 1993இல் அறிமுகமான அவ்வடிவில், எழுத்துருவும் படமும் கோப்பினுள்ளேயே பதியப்படும். அச்சுத்துறைக்கென 2001இல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ தரம் எழுத்துருக்கள் அனைத்தும் உள்ளே இருப்பதைக் கட்டாயமாக்கியது. ஈய ஃபாரத்தைப் போல அதுவும் இறுக்கிக் கட்டிய பக்கமே. அச்சிடுவதற்கு மட்டும் எனில் அதுவே ஏற்றது. ஆனால், அச்சகத்தில் ஒரு பெயரைத் திருத்த வேண்டுமாயினும், ஐந்தாண்டு கழித்து மறுபதிப்புக் கொணர வேண்டுமாயினும் பொதியே தேவைப்படும். இரண்டையும் சேர்த்து அனுப்புவதே சிறந்தது: பொதியைத் திறந்தால் கிடைக்கும் பக்கத்தைப் பி.டி.எஃப். பக்கத்தோடு ஒப்பிட்டால், எச்சரிக்கை தராத எழுத்து மாற்றங்கள் அப்போதே வெளிப்படும். அனுப்புமுன் எழுத்துருக்கள் நிறுவப்படாத வேறொரு கணினியில் பொதியைத் திறந்து பார்ப்பதும் இதனையொத்த சோதனையே.

மறுபதிப்பு என்னும்போது, பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்ட நூல்களின் நிலை தனியே எண்ணிப் பார்க்க வேண்டியது. அவற்றின் வடிவமைப்புக் கோப்புகள் குறுந்தகடுகளில் எஞ்சியிருந்தாலும், எழுத்துரு உடன் சேமிக்கப்படாத இடங்களில் அவை ஆங்கிலக் குறிகளின் குவியலாகவே திறக்கின்றன. எந்தக் குறியீட்டு முறை என்பது தெரிந்தால், மாற்றி மென்பொருள்களைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். மதுரைத் திட்டம் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ் நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாறியமைக்கு, முன்பு கையாண்ட திஸ்கி குறியீட்டின் அட்டவணை பொதுவில் கிடைத்ததும் ஒரு துணை. மாற்றிய பின்னரும் வேலை எஞ்சும். ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரமாகப் பதிந்து ‘கெளரி’ என நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், கணினியில் அப்பெயரைத் தேடினால் கிடைக்காது. குறியீடும் தெரியாமல் எழுத்துருவும் கிட்டாமல் போன நூல்களுக்கு ஒரே வழிதான் உண்டு. அச்சான படியை முன்னால் வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மீண்டும் தட்டெழுத வேண்டும்.